குமுளி மசாலாக் கடை ஆன்லைனுக்கு வந்தால் என்ன கிடைக்கும்? எல்லைக்கோடு எங்கே இடிக்கும்?

கூகுள் மேப்பில் குமுளியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஊரின் ஓரமாக ஒரு மெல்லிய கோடு போகும். ஒரு பக்கம் தேனி மாவட்டம், மறுபக்கம் இடுக்கி மாவட்டம். கம்பத்தில் இருந்து மலை ஏறி வரும் தமிழ்நாட்டுப் பேருந்து கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். இறங்கி நாலு எட்டு நடந்தால் கேரளா. அங்கிருந்து தேக்கடி போகும் சாலை நெடுக ஏலக்காய், மிளகு, கிராம்பு, பட்டை, ஹோம்மேட் சாக்லேட் என்று கடைகள் வரிசை கட்டி நிற்கும். பெயர்ப்பலகையில் மலையாளமும் தமிழும் இங்கிலீஷும் ஒன்றாக இருக்கும்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் சிலருக்கு அங்கே ஒரு சித்தப்பா கடையோ மாமா கடையோ இருக்கலாம். அப்படி இருந்தால் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது இந்தக் கேள்வியும் கண்டிப்பாக வந்திருக்கும்: "நீ கம்ப்யூட்டர்ல தானப்பா வேலை பாக்குற, நம்ம கடையையும் ஆன்லைன்ல போட்டுக் குடேன்."

சின்னக் கடைகளுக்கு டிஜிட்டல் கருவி என்றாலே வழக்கமாக ஒரே பட்டியலைத்தான் நீட்டுவார்கள். கியூஆர் கோடு வை, இன்ஸ்டாவில் போடு, வெப்சைட் திற. குமுளிக்கு இது பாதிதான் பொருந்தும். இரண்டு விஷயங்கள் இங்கே வேறு. ஒன்று, இங்கே விற்கும் முக்கியமான சரக்கின் விலை பக்கத்து ஊரில் கம்ப்யூட்டர் திரையில் முடிவாகிறது. இரண்டாவது, கூப்பிடு தூரத்தில் மாநில எல்லை இருக்கிறது. சித்தப்பாவுக்கு வெப்சைட் போட்டுக் கொடுக்கும் முன் இந்த இரண்டையும் புரிந்துகொள்வது நல்லது.

ஏலத்துக்கே ஏலம்: 2007-ல் என்ன மாறியது?

தமிழில் ஏலம் என்றால் ஏலக்காயும்தான், விலை கூறி விற்பதும்தான். இடுக்கியில் இரண்டும் ஒரே அறையில் நடக்கும்.

சிறு ஏலக்காய் வணிகத்தை ஒழுங்குபடுத்துவது மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் உள்ள ஸ்பைசஸ் போர்டு. விவசாயி காய வைத்த காயை, போர்டிடம் உரிமம் பெற்ற ஏல நிறுவனத்திடம் கொண்டுவந்து கொடுப்பார். அது 'லாட்' பிரித்து ஏலத்துக்கு வரும். உரிமம் பெற்ற வியாபாரிகள் விலை கேட்பார்கள். 2007-க்கு முன் இது வாயால் கூவிக் கேட்கும் ஏலம். 2007-ல் மின் ஏலம் வந்தது. தமிழ்நாட்டில் போடிநாயக்கனூர், கேரளத்தில் வண்டன்மேட்டை ஒட்டிய புற்றடி என்று இரண்டு மையங்கள். புற்றடி குமுளியில் இருந்து அணக்கரை வழியாகப் போனால் ரொம்பத் தூரமில்லை.

மின் ஏலம் என்றவுடன் வீட்டில் உட்கார்ந்து பட்டனைத் தட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். புற்றடியில் வியாபாரிகள் வரிசையாகத் திரை முன் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு லாட்டின் சாம்பிளும் அவர்கள் கைக்கு வரும். உருட்டிப் பார்ப்பார்கள், உடைத்து முகர்ந்து பார்ப்பார்கள், அப்புறம்தான் கீபோர்டில் விலை. காயின் நிறத்தையும் கனத்தையும் கை பார்க்கிறது. விலையை மட்டும் இயந்திரம் பதிவு செய்கிறது. 18 வருடத்துக்கு மேல் ஓடிய ஒரு டிஜிட்டல் முறை இன்னும் கையையும் மூக்கையும் நம்பித்தான் இருக்கிறது என்பது, எல்லாவற்றுக்கும் ஆப் தேடும் நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் இந்த ஏலம் நின்றுபோனது. ஒரே அறையில் அத்தனை பேர் உட்கார முடியாது. மையத்துக்கு ஆள் வந்தால்தான் வியாபாரம் என்ற நிலை எவ்வளவு பலவீனமானது என்று அப்போது எல்லோருக்கும் உறைத்தது. 2021-ல் போர்டு ஏல மென்பொருளை கிளவுடுக்கு மாற்றியது. போடியில் இருப்பவரும் புற்றடியில் இருப்பவரும் ஒரே லாட்டுக்கு ஒரே நேரத்தில் விலை கேட்கலாம் என்றானது. விவசாயிக்கு இதன் பொருள் எளிது: மலைக்குக் கீழே இருக்கும் வியாபாரியும் போட்டிக்கு வந்துவிட்டார்.

சரி, 100 கிராம் பாக்கெட் விற்கும் சின்னக் கடைக்கு இதில் என்ன? அவர் ஏலத்தில் உட்காரப் போவதில்லை, மொத்த வியாபாரியிடம்தான் வாங்குவார். ஆனால் மின் ஏலம் ஒரு உப விளைவைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஏலத்தின் கணக்கும் போர்டின் இணையதளத்தில் இலவசமாக வெளியாகிறது. தேதி, ஏல நிறுவனம், எத்தனை லாட், எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ விற்றது, அதிகபட்ச விலை, சராசரி விலை. என் போன்ற டேட்டா ஆட்களுக்கு இது புதையல். கடைக்காரருக்கு இது பேரம் பேசும் ஆயுதம்.

அந்த அட்டவணையை எப்படிப் படிப்பது?

முதலில், அதிகபட்ச விலையை மறந்துவிடுங்கள்.

2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் வண்டன்மேடு ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. 2018 வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் தோட்டங்களை அடித்துப் போட்டிருந்த நேரம் அது. ஆனால் அந்த 7,000 என்பது பெரிய, பச்சை மாறாத, முதல் தரக் காய் இருந்த லாட்டுக்குக் கிடைத்த விலை. அன்றைய சராசரி விலை அதைவிட வெகு கீழே. வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றியது மட்டும் 7,000. இரண்டு, மூன்று வருடத்தில் சராசரி 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. உச்ச விலையைப் பார்த்து சரக்கை அடுக்கியவர்களின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் பார்க்க வேண்டியது இரண்டு எண்கள். ஒன்று, சராசரி விலை. அதுவும் ஒரு நாள் விலை அல்ல, கடைசி ஐந்தாறு ஏலங்களின் போக்கு. இன்னொன்று, வந்த அளவுக்கும் விற்ற அளவுக்கும் உள்ள இடைவெளி. வந்ததில் கணிசமான பங்கு விற்காமல் திரும்பினால், கேட்கும் விலைக்கு வாங்க ஆள் இல்லை என்று அர்த்தம். அந்த வாரம் பத்து நாளைக்குத் தேவையான சரக்கை மட்டும் எடுத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. வருடம் முழுக்க ஏலத்துக்கு வந்த கிலோக்களைக் கூட்டி 'இவ்வளவுதான் உற்பத்தி' என்று சொல்லிவிடக் கூடாது. ஒருமுறை ஏலத்தில் வாங்கிய காயே மறுபடி ஏலத்துக்கு வருகிறது என்பது விவசாயிகளின் நீண்டநாள் புகார். 'ரீபூலிங்' என்பார்கள். ஒரே காயை இரண்டு முறை எண்ணும் ஆபத்து அந்த அட்டவணைக்குள் இருக்கிறது. உள்ளூர் எண் மட்டும் பார்த்தாலும் போதாது. உலகில் அதிகம் ஏலக்காய் விளைவிக்கும் நாடு கவுதமாலா. அங்கே மழை பொய்த்தால் புற்றடியில் விலை ஏறும்.

கடைக்குள்: ஆப் வாங்கும் முன் ஒரு ஷீட்

கடையில் முதலில் வர வேண்டியது வெப்சைட் இல்லை, சரக்குக் கணக்கு. விலை இப்படி ஆடும் பொருளில் 'என்றைக்கு, என்ன விலைக்கு வாங்கினேன்' என்று தெரியாமல் விற்றால், லாபம் வந்ததா நஷ்டம் வந்ததா என்பதே ஊகம்தான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. எண்கள் நான் வைத்துக்கொண்டவை. கிலோ 2,500 ரூபாய்க்கு 50 கிலோ வாங்கினால் முதலீடு 1,25,000. இரண்டு வாரத்தில் சந்தை 10 சதவீதம் இறங்கினால், டப்பாவைத் திறக்காமலேயே சரக்கின் மதிப்பில் 12,500 ரூபாய் போய்விடும். பக்கத்துக் கடைக்காரர் புது விலையில் வாங்கிக் குறைத்து விற்பார்.

அடுத்து, 50 கிலோவுக்கு 100 கிராம் பாக்கெட் 500 வர வேண்டும். 488 தான் வந்தது என்றால் 1.2 கிலோ எங்கே? ருசி பார்க்கக் கொடுத்தது, சிந்தியது, காய்ந்து எடை இறங்கியது, எடையில் கை தாராளமானது. 3,000 ரூபாய். இது மாதாமாதம் நடந்தும் யாருக்கும் தெரியாமல் இருக்கும், எழுதி வைக்காவிட்டால்.

இதற்கு கூகுள் ஷீட் ஒன்று போதும். வாங்கிய தேதி, தரம், கிலோ, விலை, போட்ட பாக்கெட் எண்ணிக்கை என்று ஐந்து பத்திகள். பழைய சரக்கு முதலில் போக வேண்டும் என்பதை அதில் பார்த்தாலே தெரியும். ஏலக்காயில் இது பணப் பிரச்சினை. வெளிச்சம் பட்டால் பச்சை நிறம் வெளுக்கும், வெளுத்த காய்க்கு விலை இல்லை. வாசலில் வெயில் விழும் கண்ணாடி ஜாடியில் நிரப்பி வைத்திருக்கும் காயை இந்தச் சாக்கில் உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். சித்தப்பா செல்போனில் டைப் பண்ண மறுத்தால், நோட்டில் எழுதி மாலையில் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் பெங்களூருவில் இருந்து ஏற்றிவிடலாம்.

கியூஆர் கோடு: கட்டணம் இல்லை, ஆனால் கவனம் வேண்டும்

2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ. வழியாக வங்கிக் கணக்கில் இருந்து வரும் பணத்துக்கு வியாபாரியிடம் எம்.டி.ஆர். கட்டணம் கிடையாது. சவுண்ட் பாக்ஸ் வைத்தால் அதற்கு மட்டும் வாடகை. கூட்ட நேரத்தில் போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு என்பதால் அந்த வாடகை வீண் இல்லை. கேரளா வரும் சுற்றுலாப் பயணி கையில் ரொக்கம் குறைவு. இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம் கை மாறி, அதில் 800 ரூபாய் உங்கள் கடையில் ஏலக்காய் வாங்கச் செலவாகிறது என்று வைப்போம். ஏமாந்தவர் 1930-ல் புகார் கொடுத்தால், பணம் போன பாதையைப் பின்தொடர்ந்து போலீஸ் வங்கிக்குச் சொல்லும். பாதையின் முனையில் இருக்கும் கடைக்காரரின் கணக்கும் முடங்கலாம். கேரளத்தில் சின்னக் கடைக்காரர்கள் பலர் இப்படி மாட்டினார்கள். வேறு மாநிலப் போலீஸ் போட்ட உத்தரவை நீக்கச் சொல்லி அலைந்தார்கள். 2023-ல் இந்த விவகாரம் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும், முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டை நீதிமன்றம் எடுத்தது.

அதற்காக கியூஆர் கோடைக் கழற்ற வேண்டியதில்லை. கடை வசூல் ஒரு கணக்கில், வீட்டுச் செலவும் லோன் தவணையும் வேறு கணக்கில் இருக்கட்டும். பெரிய தொகைகளுக்குப் பில் போட்டு, பரிவர்த்தனை எண்ணைப் பில்லில் குறித்து வையுங்கள். கணக்கு முடங்கினால் 'இது சரக்கு விற்ற பணம்' என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பில்தான்.

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யு.பி.ஐ. வரவை வைத்து சின்னக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூருவில் சில கடைகள் 'ரொக்கம் மட்டும்' என்று போர்டு வைத்ததும் நினைவிருக்கும். குடும்பக்காரர் அனுப்பிய பணமும் கடை வசூலும் ஒரே கணக்கில் கலந்திருந்தால், எது விற்பனை என்று பிரித்துக் காட்டும் வேலை உங்கள் தலையில்தான் விழும்.

கம்பத்துக்கு ஒரு கிலோ அனுப்பினால்?

இனி எல்லைக்கோட்டுக்கு வருவோம். இங்கேதான் 'ஆன்லைன்ல போட்டுக் குடேன்' சிக்கலாகிறது.

பொருள் மட்டும் விற்கும் கடைக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கேரளத்துக்கும் அதேதான். ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள். கடைக்கு மேலே இரண்டு அறை கட்டி ஹோம்ஸ்டே விடுகிறார், அல்லது ஜீப் சவாரியும் நடத்துகிறார் என்றால், அவர் 'பொருள் மட்டும் விற்பவர்' இல்லை. வரம்பு 20 லட்சமாக இறங்கிவிடும். குமுளியில் இது அரிதான விஷயமா என்ன?

இரண்டாவது ஓட்டைதான் பெரியது. வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பி விற்றால், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். காய்ந்த ஏலக்காய்க்கு 5 சதவீதம் வரி. ஆகவே 400 கிலோமீட்டருக்கு அப்பால் காசர்கோட்டுக்குப் பார்சல் அனுப்பும் பதிவில்லாத கடைக்காரருக்குச் சிக்கல் இல்லை. மலைக்குக் கீழே இருக்கும் கம்பத்துக்கு ஒரு கிலோ அனுப்பினால் சிக்கல். குமுளிக் கடையின் இயல்பான வாடிக்கையாளர்கள் மதுரையிலும் தேனியிலும் சென்னையிலும் இருக்கிறார்கள் என்பதால், இந்த ஊர்க் கடைக்கு 'ஆன்லைன்' என்றாலே பெரும்பாலும் 'வேறு மாநிலம்' என்றுதான் பொருள்.

மதுரைக்காரர் கடைக்கே வந்து வாங்கிப் போனால்? அதில் பிரச்சினை இல்லை. ஜி.எஸ்.டி. பதிவில்லாத வாடிக்கையாளரின் முகவரி பில்லில் இல்லாவிட்டால், விற்பனை கடை இருக்கும் இடத்தில் நடந்ததாகவே கணக்கு. ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் இருக்கும் விதிப்படி, பில்லில் முகவரி எழுதினால் அந்த முகவரி உள்ள மாநிலம்தான் விற்பனை நடந்த இடம். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலே முகவரி எழுதியதாக அர்த்தம். பில்லிங் ஆப்பில் சும்மா 'தமிழ்நாடு' என்று தேர்ந்தெடுப்பதற்குக்கூட விலை இருக்கிறது.

அமேசான் போன்ற தளங்கள் வழியாகப் பதிவில்லாத சின்ன வியாபாரிகளும் விற்கலாம் என்று அதே 2023 அக்டோபரில் அனுமதி வந்தது. அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். 1 சதவீத வரியோடு முடியும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கும் வேறு மாநில விற்பனை கூடாது. எந்தக் கதவைத் தட்டினாலும் எல்லைக்கோடு குறுக்கே நிற்கும்.

அப்படியானால் முறையாகப் பதிவு செய்வது நஷ்டமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்த வியாபாரியிடம் பில்லோடு கிலோ 2,500 + வரி 125 என்று வாங்குகிறார். வாடிக்கையாளர் கொடுப்பது வரியோடு 3,150. பதிவில்லாத கடைக்கு மிஞ்சுவது 525. பதிவுள்ள கடை 150 வசூலித்து, ஏற்கனவே கொடுத்த 125-ஐக் கழித்து, 25 கட்டும், மிஞ்சுவது 500. வித்தியாசம் கிலோவுக்கு 25 ரூபாய். தமிழ்நாடு முழுக்க அனுப்பும் உரிமைக்கு அது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பில் இல்லாமல் தோட்டத்தில் நேரடியாக 2,500-க்கு வாங்கும் கடைக்கு இந்தக் கணக்கு தலைகீழ். பதிவு இல்லாவிட்டால் 650, இருந்தால் 500. கிலோவுக்கு 150 போகும். 'ஜி.எஸ்.டி. எடுத்தா கட்டுப்படியாகாது' என்று ஒரு கடைக்காரரும், 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்று பக்கத்துக் கடைக்காரரும் சொன்னால், இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். வாங்கும் வழி வேறு.

பணத்தைவிடப் பலரைப் பயமுறுத்துவது ரிட்டர்ன். விற்பனை 5 கோடிக்குள் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யலாம், வரியை மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டும். விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். மறந்தால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம், விற்பனை இருந்து மறந்தால் நாளுக்கு 50 வரை. சீசன் முடிந்து கடை தூங்கும் மாதங்களில்தான் இது மறந்துபோகும். உங்கள் போன் காலண்டரில் போட்டு வையுங்கள், ஊரில் இருப்பவர் போனில் இல்லை.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு எல்லையில் இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடி முறை போய்விட்டது. காகிதம் போகவில்லை, போனுக்குள் வந்துவிட்டது. வேறு மாநிலத்துக்குப் போகும் சரக்கின் மதிப்பு வரியோடு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். அரிசி என்றால் அது டன் கணக்கு. ஏலக்காய் கிலோ 2,500 என்றால் 19 கிலோ வரை தேவையில்லை. 20-வது கிலோவில் தேவை. 7,000 விலை போன நாளில் ஏழு கிலோவுக்கே தேவைப்பட்டிருக்கும். ஒரு தோள் பை சரக்குதான்.

வாட்ஸ்அப், மேப், அப்புறம் மார்க்கெட்பிளேஸ்

பதிவு கையில் வந்துவிட்டது என்று வைப்போம். விற்பனைக்கு எது முதலில்? என் ஓட்டு வாட்ஸ்அப் பிசினஸுக்கு. குமுளிக் கடையின் பெரிய பிரச்சினை புது வாடிக்கையாளரைப் பிடிப்பது இல்லை. தேக்கடி அவர்களைத் தினமும் கொண்டுவந்து விடுகிறது. வந்தவர் திரும்ப வர மூன்று வருடம் ஆகும் என்பதுதான் பிரச்சினை. ஏலக்காயோ மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். பாக்கெட்டின் பின்னால் ஆர்டர் எண்ணை ஒட்டி, 'எண்ணைச் சேமிக்கட்டுமா?' என்று கேட்டு, சம்மதித்தவர்களுக்கு மட்டும் வருடத்தில் மூன்று நான்கு செய்தி. தினமும் குட்மார்னிங் அனுப்பினால் பிளாக்தான்.

கேட்டலாகில் தரத்தை உள்ளபடி போடுங்கள். 8 மில்லிமீட்டர் போல்டு காயின் படத்தைக் காட்டி 7 மில்லிமீட்டர் காயை அனுப்பினால் அடுத்த ஆர்டர் வராது. அதே காய் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சில்லறைக் காசுக்குப் பக்கத்தில் இருக்கும் படம், இணையத்தில் எடுத்த பளபளப் படத்தைவிட நன்றாக விற்கும்.

கூகுள் மேப் பதிவு இலவசம், அரை மணி நேர வேலை. கடையின் புள்ளி எல்லைக்கு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, பின்கோடு 685509 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் சேருங்கள். மோசமான ரிவ்யூவுக்குச் சண்டை போடாமல் பதில் எழுதும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்வது நல்லது. சித்தப்பாவிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பெரிய மார்க்கெட்பிளேஸ் கடைசியில் வரட்டும். கமிஷன், டெலிவரிக் கட்டணம், ரிட்டர்ன் ஆன சரக்கு என்று மூன்று கழிவுகள் போக, கிலோவுக்கு 500 ரூபாய் மிஞ்சும் பொருளில் என்ன தேறும் என்று ஒரு மாதம் ஷீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பாக்கெட்டில் எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், நிகர எடை, அதிகபட்ச விலை, பேக் செய்த தேதி, பேக் செய்தவர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். 'ஆலப்பி பச்சை ஏலக்காய்' என்பது புவிசார் குறியீடு பெற்ற பெயர். லேபிள் அழகாக இருக்கட்டும் என்று எல்லாக் காய்க்கும் அதை அச்சடித்துவிடக் கூடாது. கடையில் சாக்லேட்டும் விற்றால் பில்லிங் ஆப்பில் வரி விகிதத்தைச் சரிபாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கு 18 சதவீதம் இல்லை, 5 தான்.

ஐயப்ப சீசன் நவம்பர் நடுவில் தொடங்கும். அடுத்த இரண்டு மாதம் குமுளிச் சாலையில் தமிழ்நாட்டு வண்டிகள் நிற்க இடம் இருக்காது. அப்போது ஆப் சொல்லிக் கொடுக்கக் கடையில் யாருக்கும் நேரமும் இருக்காது. ஷீட்டையும் பில்லையும் செப்டம்பரிலேயே பழக்கிவிட்டு, அக்டோபரில் சென்னையில் இருக்கும் உங்கள் சொந்த முகவரிக்கே அரை கிலோ ஆர்டர் போட்டுப் பாருங்கள். பார்சல் எத்தனை நாளில் வருகிறது, காய் உடையாமல் வருகிறதா, பில்லில் மாநிலம் சரியாக விழுந்திருக்கிறதா என்பது அந்த ஒரு பெட்டியைப் பிரித்தால் தெரிந்துவிடும்.